சிறப்புத் தேவையுள்ள இளங்குழந்தைகள்: முன்பருவக் கல்வியில் மதிப்பீடும் உதவியும்

பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் சிலருக்கு நடத்தல், பேசுதல், கேட்டல், பார்த்தல், பிறருடன் பழகுதல், புதியன கற்றல் ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ கூடுதல் உதவி தேவைப்படுகிறது. செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம் ஆகியவை உள்ள குழந்தைகள் இவர்களுள் அடங்குவர். காரணம் இன்னும் அறியப்படாமல், வளர்ச்சி மட்டும் பின்தங்கியிருக்கும் குழந்தைகளும் அடங்குவர். இந்தியாவின் ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கண்டறிந்தது. இருபது குழந்தைகள் வரும் அங்கன்வாடியில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் என்று இதைக் கொள்ளலாம்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்குப் பகுதிப் பெற்றோரும் பராமரிப்பாளர்களும், குழந்தை பள்ளிக்குச் செல்லும் முன் என்ன செய்யலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது. முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு: மதிப்பீடு முடிந்து குறைபாட்டின் பெயர் தெரிந்த பிறகுதான் பயிற்சி தொடங்க வேண்டும் என்பதில்லை. ஐயம் எழுந்தவுடன் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். பெயருக்காகக் காத்திருக்கும் மாதங்களில்தான் பல குழந்தைகள் தங்கள் நல்வாய்ப்பை இழக்கின்றனர்.

எப்போது ஐயம் கொள்ள வேண்டும்?

குழந்தைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எனினும் ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வின்படி, நலமான குழந்தைகளில் ஏறக்குறைய அனைவரும் ஒன்பது மாத அளவில் பிடிமானமின்றி உட்கார்ந்துவிடுகின்றனர். பதினெட்டு மாதத்திற்குள் தனியே நடந்துவிடுகின்றனர். அந்த எல்லையைக் கடந்தும் அத்திறன் வரவில்லையெனில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பியதை விரலால் சுட்டிக்காட்டாமை, ஒன்றரை வயதில் பொருளுள்ள ஒரு சொல்லும் பேசாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றையும் அவ்வாறே கருத வேண்டும். ஏற்கெனவே பேசிய சொற்களையோ கற்ற செயல்களையோ குழந்தை இழந்தால், எந்த வயதாயினும் ஒரு வாரம்கூடத் தாமதிக்கலாகாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்து இன்று பத்து மாதம் நிறைந்த குழந்தையை எட்டு மாதக் குழந்தையாகக் கொண்டே மதிப்பிடுகிறோம்.

“இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்” என்ற சொல்லைப் புறநோயாளிப் பிரிவில் வாரந்தோறும் கேட்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காத்திருந்தால் தானே பேசிவிடும் குழந்தை எது, காத்திருந்ததால் வாய்ப்பை இழக்கும் குழந்தை எது என்பதைப் பரிசோதனையின்றி எவராலும் பிரித்தறிய இயலாது. தானே பேசிவிடும் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதால் தீங்கு ஏதும் இல்லை.

பேச்சு வராத குழந்தைக்கு முதலில் செவிப் பரிசோதனை

பேச்சுத் தாமதத்துடன் வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும். பிற மதிப்பீடுகள் அதன் பின்னரே. காது கேளாத குழந்தையும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது; தன்போக்கில் விளையாடும்; சொன்னதைச் செய்யாது. இதனால் அக்குழந்தையை ஆட்டிசம் உள்ளதாகவோ அறிவுத்திறன் குறைந்ததாகவோ தவறாகக் கருத நேரிடும்.

“தொலைக்காட்சி போட்டால் ஓடி வருகிறாள், காது நன்றாகக் கேட்கிறது” என்று பெற்றோர் கூறுவதுண்டு. திரையின் ஒளியும் தரையின் அதிர்வும்கூடக் குழந்தையை ஈர்க்கும். மேலும், செவித்திறன் குறைபாடு பெரும்பாலும் முழுமையானதாக இருப்பதில்லை. பட்டாசு ஒலி கேட்கும் குழந்தைக்கு ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மென்மையான பேச்சொலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்தும் கேட்கும் திறன் குறையும். இது சிகிச்சையால் சரியாகக்கூடியது.

ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். பெரா எனப்படும் பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். எனவே முதல் நாள் இரவு சற்றுத் தாமதமாக உறங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, பேருந்தில் தூங்கவிடாமல் அழைத்து வாருங்கள். தூக்கம் வராததாலேயே திரும்பிச் சென்று, அடுத்த தேதிக்குக் காத்திருக்கும் குழந்தைகள் பலர்.

குறைபாடு உறுதியானால் காதொலிக் கருவி வழங்கப்படும். கருவியால் போதிய பயன் கிட்டாத, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் உள்வைப்பு அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆறு வயதில் வருவதைவிட ஒன்றரை வயதில் வரும் குழந்தைக்கே பேச்சு எளிதில் கைவரும். அறுவை சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து கேட்டல் பயிற்சி இல்லையெனில் கருவி இருந்தும் பேச்சு வராது என்பதையும் நினைவில் கொள்க.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வருவதில்லை. பேச்சு வரும் என்று ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தடவுவது ஆபத்தானது.

எங்கே செல்வது?

தொடக்க இடம் உங்கள் பகுதி அங்கன்வாடி மையம் அல்லது அரசு ஆரம்ப சுகாதார நிலையம். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தடுப்பூசிக்கு மட்டும் பயன்படுத்தாமல், அப்பக்கத்தையும் செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்.

2013-இல் தொடங்கப்பட்ட, ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, குழந்தைப் பருவ நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் இக்குழு பார்க்கிறது. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு, அன்று குழந்தையை அவசியம் அனுப்புங்கள். தனியார் மழலையர் பள்ளியில் படிக்கும் குழந்தைகள் இப்பரிசோதனையில் விடுபட வாய்ப்புண்டு. அவர்களை நேரடியாக அழைத்து வரலாம்.

ஐயம் உள்ள குழந்தைகள் மாவட்ட இடையீட்டு சேவை மையத்திற்கு அனுப்பப்படுவர். கோவை மாவட்டத்திற்கு இது கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்குகிறது. குழந்தைகள் நல மருத்துவர், உளவியலாளர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே இடத்தில் குழந்தையைப் பார்ப்பதே இம்மையங்களின் நோக்கம். சேவை கட்டணமற்றது. பரிந்துரைச் சீட்டு இல்லாமல் நேரில் வந்தாலும் பார்க்கப்படுவர்.

தொலைவு ஒரு மெய்யான இடர். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணித்துக் கோவைக்கு வாரம் இருமுறை வரும்படி ஒரு தோட்டத் தொழிலாளியிடம் சொல்வது பொருளற்றது. அத்தகைய குடும்பத்தினர் முதல் வருகையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை வந்து, இடைப்பட்ட நாட்களில் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்துகொண்டு செல்லலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். வீட்டிற்கே வந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கேட்டுப் பெறலாம்.

மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது?

கண்டறிதலும் மதிப்பீடும் வெவ்வேறானவை. கண்டறிதல் என்பது சலித்தெடுப்பது போன்றது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான அட்டவணையும், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான இருபது வினாக்கள் கொண்ட ஆட்டிச வினாப்பட்டியலும் இவ்வகையின. இவற்றில் ஐயம் வந்தால், மேலும் பார்க்க வேண்டும் என்பதே பொருள். குறைபாடு உறுதியாயிற்று என்பது பொருளன்று. இணையத்தில் வினாப்பட்டியலை நிரப்பிவிட்டு இரவெல்லாம் அழுதபடி வரும் தாய்மார்களுக்கு இதை முதலில் சொல்கிறோம்.

மதிப்பீட்டிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வருகைகள் தேவைப்படலாம். கர்ப்ப காலம், பிரசவம், பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலை, வலிப்பு, குடும்ப வரலாறு ஆகியவை கேட்கப்படும். கண், செவி, தைராய்டு, இரத்தசோகை ஆகியவை பரிசோதிக்கப்படும். தைராய்டு குறைவு உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் மாத்திரையால் சரிசெய்யக்கூடியது. பின்னர் வல்லுநர் குழந்தையுடன் தரையில் அமர்ந்து விளையாடுவார். விளையாட்டு போலத் தோன்றினாலும் பரிசோதனை அதுவே.

இறுதியில் வளர்ச்சி ஈவு என்ற எண் எழுதப்படும். குழந்தை செயல்படும் வளர்ச்சி வயதை அதன் உண்மை வயதால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பது இது. நாற்பது மாதக் குழந்தை இருபத்து நான்கு மாதக் குழந்தையின் அளவில் செயல்பட்டால் ஈவு 60. பொதுவாக 70-க்குக் கீழ் இருந்தால் வளர்ச்சித் தாமதம் எனக் கொள்கிறோம்.

இந்த எண்ணைப் பற்றி மூன்று செய்திகளைப் பெற்றோர் அறிய வேண்டும். இது அறிவுத்திறன் ஈவு அன்று, அன்றைய நிலையை மட்டுமே காட்டுவது, பயிற்சியால் மாறக்கூடியது. அதனால்தான் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுதாமல், பரவலான வளர்ச்சித் தாமதம் என்று எழுதுகிறோம். இரண்டாவதாக, காய்ச்சலுடனோ பசியுடனோ பயணக் களைப்புடனோ உள்ள குழந்தை தன் திறனைக் காட்டாது. வேறொரு நாள் கேளுங்கள், மறுக்கப்படாது. மூன்றாவதாக, சராசரி எண் ஏமாற்றக்கூடியது. உடலியக்கத்தில் 95-உம் மொழியில் 50-உம் பெற்ற குழந்தையின் சராசரி 70-க்கு மேல் வந்துவிடும். ஆனால் அக்குழந்தைக்கு உதவி உடனே தேவை. ஆகவே மொத்த எண்ணைக் கேட்டு நின்றுவிடாமல், ஒவ்வொரு துறையிலும் குழந்தை எந்த மாத அளவில் உள்ளது, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடையளிக்காத அறிக்கையால் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயனில்லை.

வீட்டு மொழியில் மதிப்பிடுதல்

கோவையில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தாளவாடியில் கன்னடமே பேச்சு வழக்கு. திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்கும் கோவை நூற்பாலைகளுக்கும் வந்துள்ள ஒடிசா, பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்களின் குழந்தைகள் முற்றிலும் வேறு மொழியினர். தமிழில் மட்டும் வினவி, விடை இல்லை என்று எழுதினால் அது குழந்தையின் குறைபாடு ஆகாது. எல்லா மொழிகளிலும் சேர்த்து எத்தனை சொற்கள் என்றே கணக்கிட வேண்டும். உங்கள் வீட்டு மொழியைப் பதிவின்போதே தெரிவியுங்கள். குழந்தை வீட்டில் பேசும் காணொளி ஒன்றைக் கொண்டு வாருங்கள்.

இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ ஏற்படுவதில்லை. “ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று சில மழலையர் பள்ளிகளில் கூறும் அறிவுரை, தாய்க்கும் பாட்டிக்கும் இயல்பாக வரும் பேச்சை வீட்டிலிருந்தே அகற்றிவிடுகிறது. பேச்சு பின்தங்கிய குழந்தைக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

அங்கன்வாடியிலும் மழலையர் வகுப்பிலும் செய்யக்கூடியவை

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. ஐயம் உள்ள குழந்தையைக் கண்டறிதல், மையத்திலேயே சேர்த்துக்கொள்ளல், உரிய இடத்திற்குப் பரிந்துரைத்தல் ஆகியவை அதன் சாரம். பரிந்துரைத்த பின்னும் குழந்தை மையத்திற்கு வருவது தொடர வேண்டும் என்பதே இதில் முதன்மையானது. “சரியானதும் கூட்டி வாங்க” என்று திருப்பி அனுப்புவது முறையன்று.

செலவில்லாத மாற்றங்களே பெரும்பயன் தருகின்றன. காதொலிக் கருவி அணிந்த குழந்தையை மின்விசிறியின் இரைச்சலிலிருந்து தள்ளி, ஆசிரியரின் முகம் தெரியுமாறு முன்னே அமர்த்துங்கள். ஆசிரியர் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு தெரியும். உதட்டசைவைக் குழந்தையால் காண இயலாது. கருவியின் மின்கலம் இயங்குகிறதா என்பதைக் காலையில் ஒருமுறை பாருங்கள். அச்சிறு மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும்.

பார்வை குறைந்த குழந்தைக்கு வெள்ளைத் தட்டில் இட்லி தெரிவதில்லை. அடர்நிறத் தட்டில் வைத்தால் அக்குழந்தை தானே எடுத்து உண்ணும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை கால்கள் தரையில் படிய, இடுப்பு நழுவாமல் அமர்ந்தால்தான் கைகளைப் பயன்படுத்த முடியும். சுவரின் மூலையில் தலையணைகளை அணைத்து வைத்தும் இவ்வாறு அமரவைக்கலாம். படுத்த நிலையில் ஒருபோதும் ஊட்டலாகாது. உணவு மூச்சுக்குழலில் சென்று நிமோனியாவை உண்டாக்கும். மதிய உணவு முட்டையை முழுதாகத் தராமல் சாதத்துடன் மசித்து, தலையைச் சற்று முன்சாய்த்து, சிறுகச் சிறுக ஊட்டுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் என்று நான்கு படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் காட்டுங்கள். “முட்டையா, பழமா?” என்று இரண்டையும் கையில் காட்டிக் கேட்டு, பத்து வினாடி பொறுத்திருங்கள். நாம் பெரும்பாலும் அந்தப் பத்து வினாடியைத் தருவதில்லை. குழந்தைக்கு முன் நாமே விடை சொல்லிவிடுகிறோம். கண்ணைப் பார்க்குமாறு தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். குக்கர் ஒலி போன்ற திடீர் ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் அது அடம் அன்று. அவ்வோசை அக்குழந்தைக்கு வலியாக உணரப்படுகிறது.

விளையாட்டுப் பொருள்களை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பனியன் நிறுவனங்களில் மிஞ்சும் துண்டுத் துணிகளைக் கொண்டு நிறம், வழுவழுப்பு, சொரசொரப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் விளையாட்டை அமைக்கலாம். பொத்தான், புளியங்கொட்டை போன்ற சிறியவற்றை வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தையிடம் தர வேண்டாம்.

வீட்டாருக்குச் சில சொற்கள்

தாயும் தந்தையும் ஆலைப் பணி நேரத்தில் வெளியே இருக்க, தாத்தா பாட்டியிடமே குழந்தை வளர்வது இங்கு இயல்பு. ஆகவே பயிற்சி நாட்களில் முடிந்தால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். குழந்தையுடன் பகல் முழுதும் இருப்பவருக்கே பயிற்சி தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குள் கைப்பேசித் திரை வேண்டாம். அதன்பின் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் இருக்கலாம். திரையைக் குறைத்தால் பேச்சு கூடும் குழந்தைகள் உண்டு. ஆனால் “எல்லாம் செல்போனால் வந்தது, நிறுத்தினால் சரியாகிவிடும்” என்று ஆறு மாதம் காத்திருப்பது மற்றொரு வகைத் தாமதமே. ஆட்டிசத்திற்குக் கைப்பேசியோ தடுப்பூசியோ தாயின் வளர்ப்போ காரணம் அன்று.

நெருங்கிய உறவில் திருமணம் செய்த பெற்றோரின் குழந்தைகளுக்குச் சில மரபுவழிக் குறைபாடுகள், குறிப்பாகப் பிறவிச் செவித்திறன் குறைபாடு, ஏற்படும் வாய்ப்பு கூடுதல். மருமகளைக் குறை சொல்வதற்கு இது காரணமாகாது. இருவரும் சேர்ந்து அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவதற்கே காரணமாக வேண்டும்.

ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகக் கூறி ஸ்டெம் செல் ஊசிக்குப் பல இலட்சம் கேட்கும் விளம்பரங்கள் வருகின்றன. அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்துள்ளது. நகையை அடகு வைத்துச் செய்யத்தக்க சிகிச்சை எதுவும் இதில் இல்லை.

சான்றிதழும் பள்ளிச் சேர்க்கையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் எதுவும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையில் பாகுபாடு காட்டலாகாது. ஆறு வயதுக்கு முன் சட்டத்தின் பிடி அத்தனை வலுவாக இல்லை. அந்த இடைவெளியை அங்கன்வாடியும் இடையீட்டு மையமுமே நிரப்ப வேண்டியுள்ளது.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் உதவித்தொகை, பயணச் சலுகை, காப்பீடு ஆகியவற்றிற்குத் தேவை. பயிற்சி பெற அவை தேவையில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் வளர்ச்சித் தாமதத்திற்கு அளிக்கப்படுவது தற்காலிகச் சான்றிதழ். பின்னர் மறுமதிப்பீடு நடைபெறும். “சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும்” என்று அஞ்சுவோர் இதைக் கருத்தில் கொள்ளலாம். தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை பயிற்சிச் செலவையும் ஏற்கிறது.

எல்.கே.ஜி. குழந்தை எழுத்தைத் திருப்பி எழுதினால் கற்றல் குறைபாடு என்று அஞ்ச வேண்டாம்; அவ்வயதில் அது இயல்பு.

அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குச் செல்லும்போதுதான் பல குழந்தைகளின் பயிற்சித் தொடர்ச்சி அறுந்துபோகிறது. சேர்க்கைக்கு மூன்று மாதம் முன்பே வட்டார வள மையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். இடையீட்டு மையத்தின் மதிப்பீட்டு அறிக்கை, செவி மற்றும் கண் பரிசோதனைத் தாள்கள், கருவிகளின் விவரம், குழந்தை எதை விரும்பும், எதற்கு அஞ்சும், கழிவறை செல்ல எவ்வாறு குறிப்புணர்த்தும் என்று நீங்கள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். வழிகாட்டுதல் தேவையெனில் 104 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.